ஜனாஸா வேன் ஒழுகிய வாரம்

ராத்திரி மணி பன்னிரண்டரை. அபா இன்னும் வரவில்லை. எங்கள் மலேசிய ஊரான தைப்பிங்கில் மழை ஒன்றும் புதிதில்லை. ஆனால் இன்றைக்குக் கூரையில் விழும் ஒவ்வொரு துளியையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அம்மா தூங்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, ஏற்றிப்போகிற எங்கள் பள்ளிவாசலின் ஜனாஸா வேனை ஓட்டுவது என் அப்பாதான்; அபா என்றுதான் கூப்பிடுவேன். பகலில் உரக்கடையில் வேலை. யாராவது இறந்து மவுத்துச் செய்தி வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார். வேனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. பள்ளிவாசலுக்கு வருவதற்கு முன் அது ரொட்டி ஏற்றிய வண்டியாம். வெயில் நாளில் இன்னும் ரொட்டி வாசனை அடிக்கிறது என்பார் அபா. எனக்குக் கற்பூர வாசனைதான் அடிக்கும்.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் மாச்சிக் கல்சோமை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனபோது நல்ல மழை. வேனின் உள்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, பெட்டியின் மேல் போர்த்திய பச்சைத் துணி நனைந்து, உள்ளே உடலைச் சுற்றிய கஃபன் துணி வரைக்கும் இறங்கிவிட்டது. மாச்சிக்கின் மகன் தன் சட்டையைக் கழற்றித் துடைத்தான். திட்டியிருந்தால்கூட அபா தாங்கியிருப்பார்.

கமிட்டித் தலைவர் ஹாஜி தர்மிஜி மறுநாளே வீட்டுக்கு வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு ரோஸ்டி. முடியலன்னா வேன் சாவியக் கொடுத்துடு. தப்பா எடுத்துக்காத, இது மையித்தோட மரியாதை."

அபாவின் கை சாவிக்குப் போனது. பதினான்கு வருஷமாக அந்தச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

விடிந்தால் வெள்ளிக்கிழமை.

இன்று மத்தியானம் ஒழுகலைத் தேட உட்கார்ந்தோம். அபா, நான், அம்மாவின் அண்ணன் பா லாங் சப்ரி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். இரண்டு வருஷம் முன்னால் வேனின் கூரையில் துரு தின்ற இடத்தை ஒட்டுப்போட்டது அவர்தான். வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் அடிக்க ஓர் ஆள், உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து எங்கே வருகிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர்கள் இருவருக்கும் முட்டி வலி. அதனால் உள்ளே நான்.

பெட்டி வைக்கிற இடத்தில் கால் படாமல் ஒடுங்கிக்கொண்டேன். கதவைச் சாத்தினார்கள்.

"பயப்படாதடி ஹுஸ்னா," என்றார் பா லாங் வெளியிலிருந்து. "உள்ள யாரும் இல்ல. இருந்தாலும் எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான், டார்ச் பிடிச்சு உதவி பண்ணுவாங்க."

"பா லாங்! நான் எறங்கிடுவேன்!"

"சும்மா இரு சப்ரி," என்றார் அபா. "ஹுஸ்னா, பவுடர் போட்டியா?"

உள்கூரைத் துணியை முன்பே கழற்றியிருந்தோம். கூரையின் இரும்புத் தகடு முழுக்க முகப்பவுடரைப் பூசி வைத்திருந்தேன். தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் வேறு. நடுவில் எந்த வழியாக நடந்து வந்தது என்று பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். அபா கீழேயிருந்து ஆரம்பித்தார். முதலில் கதவடி, பிறகு ஜன்னல், பிறகு மேலே. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிஷம்.

"வருதா?"

"வரல!"

"தண்ணி வரலயா, பேய் வரலயா?"

"ரெண்டும் வரல, பா லாங்!"

கடைசியில் குழாய் கூரைக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் சரியாகப் பெட்டியின் நடுவே வரும் இடத்தில் ஒரு துளி தொங்கியது. டார்ச்சைத் திருப்பினேன். பவுடரில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து பின்பக்கம் போய், இடது மூலைக்குப் பக்கத்தில் முடிந்தது.

அந்த மூலையை எனக்குத் தெரியும்.

கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. அதன் தண்ணீர் பின்கதவுக்கு மேலே இரண்டு ஓட்டை வழியாகக் கொட்டும். மழையில் ஜனாஸா இறக்கும்போதெல்லாம் அபா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அந்தத் தண்ணீர் அப்படியே அவர் பிடரியில் இறங்கும். எல்லோரும் துஆ ஓதுகிற நேரம், நகரவும் மாட்டார். ஒவ்வொரு தடவையும் சளி பிடிக்கும். போன ஹரி ராயாப் பெருநாளுக்கு முன் வேனைக் கழுவியபோது, குளியலறைக்கு வாங்கி மிஞ்சியிருந்த சிலிக்கன் பசையை வைத்து இரண்டு ஓட்டையையும் அடைத்தேன். விரலால் அழகாக வழித்தும் விட்டேன்.

அடுத்த மழையில் அபா வந்து சொன்னார்: "இன்னிக்குக் கழுத்துல ஒரு சொட்டு விழல. வேனுக்கே என் மேல பாசம் வந்துடுச்சு போல." நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

போக வழியில்லாமல் வாய்க்காலில் தேங்கிய தண்ணீர், போன வாரப் பெருமழையில் அதன் ஓரத்துப் பழைய விரிசல் மட்டத்துக்கு ஏறி உள்ளே வந்திருக்கிறது. மாச்சிக் கல்சோமை நனைத்தது நான்.

வெளியே சண்டை ஆரம்பமாகியிருந்தது.

"உன் வெல்டிங்தான் விட்டுப்போச்சு."

"என் வெல்டிங்கா? உன் கல்யாணத்த விட உறுதி அது!"

"இரு, உன் தங்கச்சிகிட்ட சொல்றேன்."

"சொல்லு, அவளும் அதத்தான் சொல்லுவா!"

அபா சிரிக்கவில்லை. "விடு சப்ரி. எங்க ஒழுகுதுன்னுகூட எனக்குத் தெரியல. நாளைக்கு சாவியக் கொடுத்துடறேன்."

அபாவின் முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் வந்தது. தகட்டைப் பார்த்தபடியே கத்தினேன்: "அபா, நான்தான்! பின்னாடி ஓட்டைய நான்தான் அடைச்சேன்!"

கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது.

"எதுக்குடி அடைச்ச?"

"உங்க கழுத்துல ஊத்திச்சு."

அபா என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். கையிலிருந்த குழாய் அவர் செருப்பிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்ல என் வெல்டிங்கிட்ட மன்னிப்பு கேளு," என்றார் பா லாங். "ரோஸ்டி, நீயும்தான். நின்னுகிட்டே கேளு."

அபா ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். "பசைய நீயே எடு." என் தலையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டார்.

ஓட்டைகளைத் திறந்தோம். வாய்க்காலின் பாசியைச் சுரண்டினோம், விரிசலைத் துடைத்துக் காயவைத்துப் புது அடைப்புப் பசை போட்டோம். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்று டியூபில் போட்டிருந்தது. ஆனால் எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது. ஹாஜி தர்மிஜியின் மச்சான் ஈப்போ ஆஸ்பத்திரியில் மவுத். ராத்திரியே ஊருக்குக் கொண்டுவர வேண்டும். ஹாஜியே கூட வருகிறாராம்.

அவர்கள் கிளம்பிய பத்தாவது நிமிஷம் மழை பிடித்தது.

நான் இதுவரை சொல்லி முடித்தபோது தெருவில் வேனின் வெளிச்சம் திரும்பியது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அபா இறங்கினார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அபா, நனைஞ்சாரா?"

"நனைஞ்சாரு."

நான் பின்கதவுப் பக்கம் ஓடினேன்.

"மையித்து இல்லடி, ஹாஜி. முன்கண்ணாடி ரப்பர் வழியா ஈப்போலேர்ந்து இங்க வரைக்கும் அவரு மடியிலயே சொட்டிச்சு. சாரோங் முழுக்க ஈரம். எனக்கு உயிரே போச்சு."

"பின்னாடி?"

"பின்னாடி காஞ்சு கெடக்கு. மையித்த வீட்டுல எறக்கறப்ப அவரே டார்ச் அடிச்சுத் துணியத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. 'உயிரோட இருக்கறவன் நனைஞ்சா வீட்டுக்குப் போய் மாத்திக்கலாம் ரோஸ்டி'ன்னாரு."

"அப்ப சாவி?"

அபா வேனைச் சுற்றி வந்து, முன்கண்ணாடியின் கீழ் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"'சனிக்கிழமைக்குள்ள இத மாத்திடு'ன்னாரு. மாத்துன்னு என்கிட்டதானே சொன்னாரு?"