நாட்டுக்கும் சீமைக்கும் பிறந்த கிஃப்

அந்த வருடம் மார்ச் மாதம் முழுக்க யம்னா காய்ச்சலில் கிடந்தாள். அவள் கணவன் தெத்வான் நகரில் லாரி ஓட்டுகிறான். மலைச்சரிவில் இருந்த நிலம் அவள் ஒருத்தியின் பொறுப்பு. கேத்தாமா மலையில் மற்றவர்கள் கிஃப் என்கிற கஞ்சாவை விதைத்து முளையும் கண்டுவிட்ட பிறகு, மே மாதத்தில்தான் அவளால் தன் நாட்டு விதையைத் தூவ முடிந்தது. பயிர் பிந்தியதால் ஆண் செடிகளும் பிந்திப் பூத்தன. ஆகஸ்டில் அடித்த காற்று அந்த மகரந்தத்தை அள்ளிக்கொண்டு நேராகக் கீழ் வயலுக்குப் போனது.

கீழ் வயல் புஜ்மாவுடையது. சீமை விதை வாங்கி, பம்பு வைத்து, சொட்டு நீர்க் குழாய் போட்டு, பெண் செடியாகவே வளர்த்திருந்தான். அவை பூக்கிற நேரத்தில்தான் மகரந்தம் வந்து விழுந்தது. பிசின் பிசுபிசுக்க வேண்டிய பூவெல்லாம் விதை கட்டிப் பாழாகிவிட்டது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"அக்கா, உங்க ஆம்பளைச் செடிங்க பண்ணின வேலையைப் பாருங்க. என் வயல் பூரா புள்ளத்தாச்சியா நிக்குது."

"நான் என்ன, வேலி தாண்டாதேன்னு காத்துக்குக் கடுதாசியா போட முடியும்?" என்றாள் யம்னா. கிளையை வாங்கி விதையை நகத்தால் கீறிப் பார்த்தாள். நன்றாக முற்றிய, வரியோடிய விதை. "இதை என்ன பண்ணப் போறே?"

"கோழிக்குப் போடுவேன்."

"உன் கோழிக்கு வேற தீனி பாத்துக்கோ. எனக்குக் குடு, ஒரு டின் ஒலிவ எண்ணெய் தரேன்."

சிரித்துவிட்டான். கோபத்தோடு வந்தவன் எண்ணெய் டின்னோடு இறங்கிப் போனான். யம்னா அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று வாரச் சந்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த வசந்தத்தில் அவள் அந்த விதையைத் தனிப் பாத்தியில் போட்டாள். முளைத்து வந்தவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே இல்லை. சில நாட்டுச் செடி மாதிரி ஒல்லியாக உயர்ந்தன. சில சீமைச் செடி மாதிரி குட்டையாக, அகல இலையோடு பரந்தன. பெரும்பாலானவை இரண்டிலும் சேர்த்தி இல்லை. யம்னா வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்தாள். ஜூலை நடுப்பகலில் போய் நின்று, இலை தொங்காத செடிகளுக்கு மட்டும் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். பிறகு ஒவ்வொன்றாக விரலில் கசக்கி முகர்ந்தாள். மணம் பிடிக்காதவற்றின் நூலை அவிழ்த்துவிட்டாள். இருநூற்றுச் சொச்சத்தில் பதினொன்று தேறின. ஆணும் பெண்ணுமாக அந்தப் பதினொன்றில் எடுத்த விதையை மறு வருடம் போட்டு, மறுபடியும் நூல் கட்டினாள்.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. ஜூனிலேயே ஓடை வற்றிவிட்டது. புஜ்மாவின் பம்பு சேற்றைக் கக்கிவிட்டு நின்றது. அவனுடைய செடிகள் தலை கவிழ்ந்தபோது, மேலே யம்னாவின் சரிவு பச்சையாக நின்றது. இடுப்பளவுதான் உயரம். ஆனால் பூக்கள் கட்டை விரல் கனத்தில் திரண்டிருந்தன. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று, அந்த நேரத்தில் வரப்போரம் களை இல்லாத இடத்திலும் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள் யம்னா.

அறுவடை முடிந்து பூ நிழலில் காய்ந்ததும், புஜ்மாவின் அப்பா ஹத்து ஸெப்ஸி என்கிற தன் நீளமான புகைக்குழாயோடு வந்து சேர்ந்தார். அறுபது வருடமாகக் கிஃப் புகைக்கிறவர். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. புஜ்மாவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தான். யம்னா புதினா டீ ஊற்றி வைத்தாள். அவள் புகைப்பதில்லை, கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இழுப்பில் கண்ணை மூடினார். "எலுமிச்சைத் தோல்," என்றார். இரண்டாவதில், "தேவதாரு சீவின தச்சன் பட்டறை." கொஞ்சம் பொறுத்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "கடைசியில சோம்பு. தொண்டையில காறவே இல்லை."

"அது இருக்கட்டும் மாமா, உள்ளே எப்படி இருக்கு?"

"அவசரப்படாதே பொண்ணே."

கால் மணி நேரம் போனது. ஹத்து முழங்காலை நீட்டி மடக்கினார். "இவனோட சீமைச் சரக்கு ஆளை அடிச்சுப் போட்டுடும். குடிச்சா செருப்பு எங்கேன்னு தெரியாது. நம்ம நாட்டுக் கிஃப்புல பேச்சு ஓயாது. இது மூட்டு வலியை இறக்கிட்டு, புத்தியை விட்ட இடத்துலயே விட்டு வெச்சிருக்கு." சற்று யோசித்தார். "பசிக்குது. ரொட்டி இருக்கா?"

வாற்கோதுமை ரொட்டி ஒன்றை முழுதாகத் தின்று முடித்து, அவித்த அவரைக் கூழும் கேட்டார். யம்னா அடுப்படிக்குள் போனதும் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள்.

புஜ்மா வாசலில் தயங்கி நின்றான். "அக்கா, அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் விதை..."

"கோழிக்கா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. நான் வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்."

இரண்டு கையும் கொள்ளுமளவு அள்ளிக் கொடுத்தாள்.

கிஃப் பயிரிட அனுமதிக்கும் சட்டம் வந்த பிறகு ஊரில் கூட்டுறவுச் சங்கம் நடந்தது. மருந்துக்காகப் பயிரிடுகிறவர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர். அந்தக் குளிர்காலக் கூட்டத்தில் சோதனை வயலுக்குப் புது ரகம் எழுதும் படிவத்தை எடுத்தார் செயலாளர். "விதை புஜ்மா வயல்ல விழுந்ததுதானே? அவர் பேரையே போட்டுடலாமா?"

யம்னாவுக்குக் காது சூடேறியது. வாய் திறப்பதற்குள் புஜ்மா எழுந்துவிட்டான்.

"விழுந்தது என் வயல்லதான். நான் அதைக் குப்பைன்னு நினைச்சேன். நாலு பேர் முன்னாடி அக்காவைக் கிண்டலும் பண்ணினேன். வெயில்ல நின்னு செடி செடியாப் பொறுக்கினது அவங்க. எழுதுங்க, யம்னா."

ரகத்துக்குப் பெயர் கேட்டார்கள். பகட்டான வெளிநாட்டுப் பெயராக வைக்கலாம் என்றார் ஒருவர்.

"தவுரிர்த்," என்றாள் யம்னா. அவளுடைய சரிவின் பெயர்.

எழுதத் தெரியாதவள் இல்லை அவள். செயலாளரிடமிருந்து பேனாவை வாங்கி, தன் பெயரையும் நிலத்தின் பெயரையும் தானே நிறுத்தி எழுதினாள். திரும்பும்போது குறுக்குப் பாதையில் இறங்காமல் சந்தையைச் சுற்றி நடந்தாள். வழியில் மூன்று பேர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் காய்ச்சலில் ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாள்.