அரைக்காத சீயக்காய்

என் மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின். மிளகாய் அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எண்பத்தெட்டில் ஆவடியில் இது தெரியாதவர் கிடையாது. அப்படியிருக்க, ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்த லோகநாயகி, நான் அரைத்த சீயக்காயில் மிளகாய் கலந்திருக்கிறது, மகள் கண் எரிந்து துடித்துவிட்டாள் என்று வாசலில் நின்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பைகளைத் தூக்கினார்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் வராவிட்டால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.

"இன்னாம்மா சொல்றே? எப்டி தேச்சே?" என்று கேட்டேன்.

அவள் ஊரான கோபிச்செட்டிபாளையத்தில் அரப்பு தேய்ப்பது போலத்தானாம். குழைத்து, தலையோடு முகத்துக்கும் பூசி, கண்ணைத் திறந்துகொண்டே. அரப்பு என்றால் உசிலை மரத்து இலைப் பொடி, குளிர்ச்சியானது, எரியாது என்றாள். அவள் வீட்டில் சீயக்காய் வாங்கியது இதுதான் முதல்முறை.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். புளியிலையைவிடப் பொடி இலை, சாயங்காலமானால் மடங்கிக்கொள்ளும். உருண்டைப் பூவில் இதழே தெரியாது, வெறும் நூல்நூலாக இருக்கும். காய் தட்டை. கலப்பைக்குக்கூட அந்தக் கட்டைதானாம். அடடா, திருமழிசையில் என் அம்மா வீட்டு வேலியில் படர்ந்த சீயக்காய்க் கொடிக்கும் அச்சு அசல் அதே இலை, அதே பூ. முள் மட்டும் கூடுதல். வேலம், கொடுக்காப்புளி, தொட்டாற்சிணுங்கி எல்லாம் அந்த வகையறாதான். ஒன்றில் இலை தலைக்கு, இன்னொன்றில் காய். காய்க்குக் கோபம் அதிகம், என்னைப் போல.

வாயால் சொன்னால் கூட்டம் நம்பவா போகிறது? மூட்டையிலிருந்து முழுக் காய்களை அள்ளி வெந்நீரில் போட்டு, ஊறியதும் எல்லார் முன்னாலும் கசக்கினேன். நன்றாக நுரைத்தது.

"இது மெஷினு மூஞ்சியே பாக்காத காய். இதுல எங்க கீது மொளகா? இதுவும் கண்ணு எரியுதா இல்லியான்னு நல்லா பாத்துக்கோங்க."

குழாயடியில் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டேன்.

மாதாவே, உயிர் போய்விட்டது. கண்ணும் மூக்கும் ஒழுக வாளியைத் துழாவினேன், கைக்கு அகப்படவில்லை. யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் வழிந்தது.

"கண்ண மூடுங்க ஜெயகுமாரிக்கா, நான் ஊத்தறனுங்க," என்றாள் லோகநாயகி. "அப்பறம் எங்கூட்டு ராகிய அரச்சுக் குடுங்க."