மஞ்சள் கோடு போட்ட கிடார்

கோபம் வந்தால் காட்டுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு இசக்கிபாண்டிக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

இடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் அரங்கம். மேடைக்குப் பின்னால் எட்டு இசைக்குழுக்கள் வயரும் பெட்டியுமாக முறை வருவதற்குக் காத்திருந்தன. முதல் மூன்று இடம் பிடித்தால் ஜனவரியில் சென்னையில் பெரிய மேடை. இசக்கிபாண்டியின் குழு ஐந்தாவது. மொத்தமே மூன்று பேர்தான். பென்னலூர் ஷெர்லின் பாடுவாள், பேஸ் கிடாரும் அவளே. ட்ரம்ஸ் அவள் தம்பி பிரசன்னா. லீட் கிடார் இவன்.

இவனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் இரண்டு வருட ட்ரெய்னி வேலை. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். சென்னை மேடை கிடைத்தால் ஜனவரி வரைக்கும் எதையாவது செய்து இங்கேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். கிடைக்காவிட்டால் சங்கரன்கோவில் பஸ்தான். குழுவும் அத்தோடு கலைந்துவிடும்.

அவனுடைய சாமான்களைப் பார்த்தால் யாருக்கும் ராக் இசை ஞாபகத்துக்கு வராது. ஒரு மூலை நசுங்கிய பதினைந்து வாட் ஆம்ப். அலுமினிய டிபன் டப்பாவுக்குள் அவனே பற்றவைத்துச் செய்த டிஸ்டார்ஷன் பெடல். காலால் மிதித்தால் கிடாரின் சத்தம் உறுமலாக மாறும். அந்த டப்பாவைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது, சத்தத்தைக் கேட்ட பிறகு சிரித்தவரும் கிடையாது. அப்புறம் பச்சைக் கிடார். மறைமலை நகரில் வேலையை விட்டுப் போன ஒரு எஞ்சினியரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

அதைத் தன் கைக்குப் படிய வைக்க அவனுக்கு எட்டு மாதம் ஆனது. கிடாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் முனையைக் கால் சுற்றுத் திருகினால் கழுத்து நிமிரும். அளவு மீறினால் பின்பக்கமாக வளைந்து, கம்பிகள் எல்லாம் விரல் வைக்கும் கட்டைகளோடு உரசும். கீழே கம்பிக்கு ஒன்றாக ஆறு குட்டி ஸ்க்ரூ, சுருதி சேர்வதற்கு. எதற்கும் இத்தனை சுற்று என்று கணக்குக் கிடையாது. கால் சுற்று, அரைக்கால் சுற்று, தட்டிப் பார், மறுபடி திருகு. ஷிப்ட் முடிந்து வந்து தூக்கக் கலக்கத்திலும் அவன் அதைச் செய்திருக்கிறான்.

பதினொன்றேகாலுக்குப் பையின் ஜிப்பைத் திறந்தான். கிடார் பளபளவென்று இருந்தது. யாரோ துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். முதலில் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் அந்தக் கோடுகளைப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. கழுத்துத் தண்டின் முனையில்கூட ஒன்று.

“காசிராஜா...” என்று பல்லைக் கடித்தான்.

இசக்கிபாண்டியின் அறைவாசி காசிராஜன். அதே ஊர்ப்பக்கம், அதே கம்பெனி, வேறு லைன். வண்டி வந்து நிற்கும், காற்றழுத்தத்தில் காது கிழிய ஓடும் முறுக்குத் துப்பாக்கியைக் காதோரம் பிடித்து சீட்டுக்கு அடியில் நான்கு போல்ட்டை முறுக்குவான், முறுக்கினதற்கு அடையாளமாக மார்க்கரால் மஞ்சள் கோடு போடுவான். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். இரண்டு வருடமாக அவன் பார்த்த உலகம் அதுதான். லூசாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அறையின் கதவுக் கீல், ஃபேன், அடுத்த வீட்டு அக்காவின் குக்கர் கைப்பிடி, எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு உண்டு.

நேற்று இரவு இசக்கிபாண்டி நைட் ஷிப்ட்டில் இருந்தபோது காசிராஜன் நண்பனுக்கு நல்லது செய்திருக்கிறான்.

இசக்கிபாண்டி கம்பிகளைச் சுருதி கூட்டிப் பார்த்தான். அடிக்கம்பியைத் தட்டினால் தகரத்தில் மணல் கொட்டின மாதிரி கரகரப்பு. கழுத்து பின்னால் வளைந்து கிடந்தது. மேல்கட்டைகளுக்குப் போய்ப் பிடித்தால் கரகரப்பு இல்லை, ஆனால் சுருதி இறங்கி அழுதது.

“இன்னா பாண்டி, மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றாள் ஷெர்லின்.

“காசி எல்லாத்தையும் முறுக்கி வச்சிட்டான்.”

“முறுக்கினா இன்னா? திருப்பி லூஸ் பண்ணு.”

பண்ணலாம். அதற்குத் தண்டின் முனையில் நுழைகிற ஆலன் கீ வேண்டும். பையின் சின்ன அறைக்குள் கையை விட்டான், வெறும் துணிதான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் ஏழு மணிக்கு அரைக்கண்ணில் அறைக்குள் நுழைந்தபோது, சுவரில் புதிதாக ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஆணிக்கு மேலும் துண்டுக் காகிதம்: ‘ஸ்க்ரூட்ரைவர்’, ‘கட்டர்’, ‘ஆலன் கீ’. கம்பெனியில் பாடமாகச் சொல்லித் தருவதுதான், பொருளுக்கு ஓர் இடம், அந்த இடத்தில் அந்தப் பொருள். கிடாருக்கான கருவிகள் எல்லாம் பதினாலு கிலோமீட்டர் தள்ளி வடக்குப்பட்டில் அறைச் சுவரில் ஒழுங்காகத் தொங்குகின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். காசி பிடித்தது குரங்குகூட இல்லை.

காசிராஜனுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. அவனுக்கு இன்று ஓவர்டைம். போன் கம்பெனி கேட் லாக்கரில் கிடக்கும், மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும். திட்டக்கூட வழியில்லாமல் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சவுண்டுக்காரர் பாபு ஒரு ஸ்க்ரூட்ரைவர் தந்தார். பிளக் கழற்றுகிற முரட்டு ஸ்க்ரூட்ரைவர். அதை வைத்துக்கொண்டு கீழே இருக்கும் ஸ்க்ரூக்களைக் குத்துமதிப்பாகத் தளர்த்தினான். எட்டு மாதத்து வேலையை எட்டு நிமிடத்தில் எப்படித் திரும்பச் செய்வது? கழுத்துத் தண்டுக்கு அது நுழையவே இல்லை.

அடுத்த குழு சென்னைக்காரர்கள். அவர்களுடைய கிடார்காரனிடம் இரண்டு கிடார் இருந்தன. ஒன்று ஸ்டாண்டில் சும்மா நின்றது. இசக்கிபாண்டி கூச்சத்தை எல்லாம் விழுங்கிவிட்டுக் கேட்டான்.

“சாரி ப்ரோ. உங்களுக்கு அடுத்து நாங்கதான். என்னுதுல ஸ்ட்ரிங் அறுந்தா நான் இன்னா பண்றது?”

நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூவரும் மேடையில் ஏறினார்கள். அவர்களுடைய சொந்தப் பாட்டு, தொடக்கமே கிடார்தான். அடிக்கம்பியில் முதல் மூன்று கட்டைக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஒரு வரி. நூறு தடவை வாசித்த வரி. பெடலை மிதித்து அடித்தான். உறுமலுக்குப் பதிலாகக் கரகரப்பு பத்து மடங்காகி அரங்கம் முழுக்கப் பரவியது. முன்வரிசைப் பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேல்கட்டைக்குத் தாவினான். ஷெர்லினின் பேஸ் ஒரு சுருதி, இவன் கிடார் ஒரு சுருதி. அவள் பாடிக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பாட்டின் பாதியில் அவன் ஆம்பின் சத்தத்தை அவனே முழுக்கக் குறைத்துவிட்டு, வாசிப்பதுபோல் கையை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். அந்த மூன்று நிமிடத்தை அவன் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

நடுவர் மைக்கைப் பிடித்தார். “வோக்கல்ஸ் அருமை. ட்ரம்ஸும் ஓகே. கிடாரிஸ்ட் தம்பி, மேடை ஏறுறதுக்கு முன்னாடி கிடாரை ட்யூன் பண்ணக் கத்துக்கோங்க.”

அரைக்கால் சுற்றுக்கு அரைமணி நேரம் காது கொடுத்தவனைப் பார்த்து அப்படிச் சொன்னார். கிடாரைக் குறை சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். இசக்கிபாண்டி தலையை ஆட்டிவிட்டு இறங்கினான்.

இரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள். மூன்று பெயரில் அவர்கள் பெயர் இல்லை. லோடு ஆட்டோவில் ட்ரம்ஸை ஏற்றிவிட்டு, பிரசன்னா இவன் பக்கம் திரும்பாமலே கயிற்றை இழுத்துக் கட்டினான். ஷெர்லின்தான், “வுடு பாண்டி, நீ இன்னா பண்ணுவ?” என்றாள். அந்தப் பரிவு திட்டைவிட மோசமாக உறைத்தது.

வடக்குப்பட்டு வரும்வரை மனசுக்குள் வசவுகளை அடுக்கிக்கொண்டே வந்தான். மாடிப்படி ஏறும்போது எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. காசிராஜன் யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தான்.

“வந்துட்டியாலே! எப்படி அடிச்ச? ஒரு ஸ்க்ரூவாது கழண்டுச்சா?”

“எவம்லே ஒன்னயத் தொடச் சொன்னது?” இசக்கிபாண்டி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “நாசமாக்கிட்டியேலே! அத்தன பேரு முன்னால என்னயக் கோமாளி ஆக்கிட்டியேலே! எட்டு மாசம்லே!”

காசிராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “டைட்டாதானலே வச்சேன். எல்லாமே லூசா கெடந்துச்சு.”

“அது அப்படித்தாம்லே கெடக்கணும்! முறுக்குன பெறவு ஒரு தடவ தட்டிப் பாத்திருக்கக் கூடாதா? கரகரன்னு கத்துதே, தெரியலியா?”

“தட்டிப் பாத்தம்லே. நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சா?” இசக்கிபாண்டி பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, கிடாரை மடியில் போட்டு அடிக்கம்பியைச் சுண்டினான். கரகரப்பு அறை முழுக்க எழுந்து அடங்கியது. “இதுவாலே நல்லா இருக்கு?”

காசிராஜன் கிடாரைப் பார்க்கவில்லை. இசக்கிபாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்கிறவன் மாதிரி. “ம்... தும்முனு நல்லாத்தான கேக்கு?” என்றான் தயங்கித் தயங்கி.

இசக்கிபாண்டி அவன் காதுகளைப் பார்த்தான். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறு கம்பியிலும் மெலிசான கம்பியை விரல் நுனியால் சுண்டினான். சத்தம் சன்னமாக எழுந்து, நீண்டு, நின்றது.

“அடிலே,” என்றான் காசிராஜன், இன்னும் காத்துக்கொண்டு. “அடி, கேக்கேன்.”