மெல்லிய தகடுகள்

அக்டோபர் 14, செவ்வாய். இன்றைய பிழை: ஜனெலின் இடக்கையை அளந்துவிட்டேன். அவள் சுடுவது வலக்கையால்.

எம்மெட் அதை எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தான். மின்வேலை மாலை வகுப்பில் ஆசிரியர் போட்ட விதி அது. நாள் முடிந்ததும் முதலில் செய்த பிழையை எழுத வேண்டும், கடைசியில் மறுநாள் வேலையை எழுத வேண்டும், நடுவில் என்ன எழுதினாலும் சரி. மற்றவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிட்டார்கள். இவனால் விட முடியவில்லை. மெல்ல மெல்ல வீட்டு விஷயங்களும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவன் மனைவி ஜனெல் தொலைக்காட்சி பார்த்தபடியே சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். பல் மருத்துவமனையில் நாள் முழுக்கக் குனிந்து நின்று ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிறவள். வீட்டில் உட்கார்ந்தால் தூக்கம்தான். கீழே தொங்கிய கையை எம்மெட் மெதுவாகத் தூக்கி, காகிதத்தின்மேல் விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்தான். கட்டைவிரல் கவட்டிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணுவரை எவ்வளவு என்பதுதான் அவனுக்கு வேண்டியது. கைத்துப்பாக்கியின் விசையை விரல் எட்டுமா எட்டாதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். சமையலறை விளக்கடியில் காகிதத்தை வைத்தபோதுதான் மோதிர விரலின் கோட்டில் சிறு புடைப்பு தெரிந்தது. மோதிரம். அப்படியானால் இடக்கை. திரும்பப் போய்ப் பார்த்தான். வலக்கை அவள் கன்னத்துக்கு அடியில் இருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை. எழுப்பிக் கேட்டிருந்தால் அவளே நீட்டியிருப்பாள். ஏன் கேட்கவில்லை என்பதை அவன் எழுதவில்லை.

எல்லாம் வியாழக்கிழமையால் வந்தது. ஊருக்கு வெளியே, அறுவடை நடந்துகொண்டிருந்த சோயா வயல்களைத் தாண்டி இருக்கும் சுடுதளத்தில் வியாழன்தோறும் கட்டை சுடும் போட்டி. பந்தை உருட்டி விழுத்தும் பவுலிங் ஆட்டத்தின் கட்டைகள் ஐந்தை இரும்பு மேசையின்மேல் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். சாய்த்தால் போதாது, மேசையைவிட்டே விழ வேண்டும். ஜோடிக்கு ஜோடி போட்டி. எம்மெட்டும் லைலும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள், இதிலும் ஜோடி. இந்த வருஷம் மின்வேலை வகுப்பு சரியாக வியாழனில் வந்து விழுந்தது. "அதுக்காக ஜோடிய கலைக்கச் சொல்றியா? உன் வீட்டுக்காரிய அனுப்புடா" என்றான் லைல், சிரித்துக்கொண்டே. எம்மெட்டும் சிரித்துக்கொண்டே சரி என்றான். அதுவரை ஜனெல் எம்மெட்டின் பிளாஸ்டிக் சட்டத் துப்பாக்கியால் எப்போதாவது காகித இலக்கைச் சுட்டவள், அவ்வளவுதான். அதன் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா பட்டால் கட்டை சாய்ந்து மேசைமேலேயே உருளும். அதனால் லைல் தன் நாற்பத்தைந்து ரகத் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தான். பெரிய தோட்டா, முழு எஃகுச் சட்டம், செங்கல் கனம். முதல் வியாழனே நான்கு கட்டைகளை மேசைக்குப் பின்னால் தூக்கி எறிந்தாள். இப்போது அந்த ஜோடி பட்டியலில் இரண்டாவது. எம்மெட் இருந்தவரை ஐந்தாவதற்கு மேல் போனதில்லை.

தன்னைத் தின்பது அந்த இரண்டாமிடம் இல்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வியாழன் இரவுகளில் லைலின் வண்டியிலிருந்து இறங்கி வருவாள், முடியில் வெடிமருந்துப் புகை வாசத்தோடு, "லைல் இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா" என்று ஆரம்பித்தபடி. இவன் வகுப்பில் புதிதாகக் கற்ற ஒன்றைச் சொன்னால் "ம்" என்பாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மின்கம்பி விஷயத்துக்கு யாரும் "ம்" தான் சொல்வார்கள். ஆனால் போன வாரம் அவள் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலைக் கத்தியின் மேலே முன்னோக்கி நீட்டிப் பிடித்திருந்தாள். அது லைல் துப்பாக்கி பிடிக்கும் விதம். இவன் வீட்டுச் சமையலறையில், இவன் வாங்கிய கத்தியில், லைலின் பிடி.

ஜனெலுக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தான். அவள் அதற்குத் தகுதியானவள் என்று எழுதி வைத்தான். பொய்யில்லை. லைலின் துப்பாக்கியை அவள் இனிமேல் தொட வேண்டியிருக்காது என்பதும் பொய்யில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பெர்னிஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனான். அறுபதைத் தாண்டிய பெர்னிஸ் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் விரித்த காகிதத்தை உற்றுப் பார்த்தாள்.

"யாரு கை கண்ணு இது?"

"ஜனெலோடது."

"ஆளக் கூட்டிட்டு வராம கைய மட்டும் கொண்டாந்த மொத ஆளு நீதான். மோதிரம் வேற போட்டிருக்கு. இடது கையாலயா சுடுறா?"

எம்மெட்டுக்குக் காது சூடானது. "ரெண்டு கையும் ஒரே அளவுதானே இருக்கும்."

"என் ரெண்டு காலும் ஒரே அளவுன்னுதான் செருப்புக்கடைக்காரனும் சாதிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு துப்பாக்கிகளை எடுத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று தான் பார்த்து, அவனுக்கும் காட்டி, பச்சைத் துணியின்மேல் வைத்தாள். ஒரே அச்சில் வார்த்தது போல் இரண்டும் இருந்தன. "ரெண்டும் நாப்பத்தஞ்சு. ரெண்டும் உலோகம். இது எஃகு, அது அலுமினியம். தோட்டா ஒண்ணுதான், சுட்டதும் கைய உதைக்கிற உதைதான் வேற. இடுப்புல மாட்டிட்டுத் திரியப் போறாளா, மேசைக்கு முன்னாடி நின்னு சுடப் போறாளா?"

"சுடத்தான்."

"அப்பக் கனமா எடு. உதைல பாதிய கனமே முழுங்கிடும்."

எஃகுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். குளிர்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்ததும் தானாகவே ஒரு இடத்தில் போய் அமர்ந்தது. முனை ஆடவில்லை. இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. அப்போதுதான் பெர்னிஸ் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"லைல் வச்சிருக்கானே, அதேதான்."

அதன்பிறகு அதன் குளிர்ச்சி பிடிக்கவில்லை. அலுமினியத்தை எடுத்தான். சேர்ந்தாற்போல் ஐந்து கட்டைகள் சுட்டால் கை சோராது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தான். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வேகமாகத் திரும்பலாம் என்று இன்னொன்று. காரணம் தேடுவதில் அவன் கெட்டிக்காரன். ஒவ்வொன்றையும் ஒழுங்காக அடுக்கினான். எல்லாம் லைலிடமிருந்து விலகிப் போகிற திசையிலேயே அடுக்கப்பட்டன. பெர்னிஸ் சுவரில் தொங்கிய பிடித்தகடுகளைக் காட்டினாள். கைப்பிடியின் இரு பக்கமும் திருகி மாட்டுகிற தகடுகள், அதில் மெல்லிய ரகம். "சின்னக் கைன்னா இத மாட்டணும் கண்ணு. பெரிய கைக்காரன் மாட்டுனா வழுக்கும்." எம்மெட் காகிதத்தை அளவுகோலோடு சரிபார்த்தான். சாதாரணத் தகடே போதும் என்றது காகிதம். மயிரிழை வித்தியாசம்தான், ஆனாலும் போதும் என்றது.

"உன் காசு, உன் இஷ்டம்" என்றாள் பெர்னிஸ், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. சுடுதளத்து வாசலில் மதிப்பெண் போடும் டுவேன், பன்றிக்கறி சாண்ட்விச்சை மென்றபடி, "அடேயப்பா, யாரு இது! வீட்டுக்காரிய லைலுக்குக் கடன் குடுத்துட்டு கரண்டு படிக்கப் போயிட்டதா கேள்விப்பட்டேன்?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எம்மெட்டும் சிரித்தான். ஜனெல் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைக் கண்டான். அது உண்மையான மலர்ச்சிதானா என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தான். அப்படிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டான்.

"வாடா மாப்ள, வகுப்ப ஏமாத்திட்டியா?" லைல் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அறுவடை எந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். மண்வெட்டி மாதிரிக் கைகள். "இந்தா, போட்டிக்கு முன்னாடி ஒரு மேகசின் தோட்டா போட்டுப் பாரு." வந்தவனுக்குத் தன் துப்பாக்கியில் ஒரு சுற்றுக் கொடுப்பது அங்கே வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி கொடுப்பது போல. மறுக்கக்கூடாது. எம்மெட் காது மூடியை இழுத்துவிட்டு, கோட்டில் நின்று, அதைப் பிடித்தான்.

பிடித்தவுடனே தெரிந்துவிட்டது. கைப்பிடி ஒல்லியாக இருந்தது. பல தடவை பிடித்த துப்பாக்கி அது, இப்படி இருந்ததில்லை. குனிந்து பார்த்தான். மெல்லிய தகடுகள். மண்வெட்டிக் கைக்காரன் தன் துப்பாக்கியில் மெல்லிய தகடு மாட்டியிருக்கிறான்.

முதல் இரண்டு தோட்டா எங்கே போனதென்று அவனுக்குத் தெரியாது. மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை, வராத உதையைத் தடுக்கப் பார்த்து, தலை குனிவதுபோல் தரையை நோக்கி இறங்கியது. டம்மி தோட்டா. ஒருவன் மேகசினை இன்னொருவன் நிரப்பினால் நடுவில் ஒரு டம்மியைச் சொருகிவிடுவது அவர்களுடைய பழைய விளையாட்டு. பழகிய கை அசையாது. பயந்த கை காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்தும் மறந்திருந்தான்.

லைல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மூக்கால தரைய உழுதிட்டான்யா!"

ஜனெலும் சிரித்தாள், ஆனால் அருகில் வந்து அவன் தோளைத் தொட்டாள். "எம், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நீ பயந்துடுற."

துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்தான். "தகடு மாத்திருக்க போல" என்றான் லைலிடம். குரல் சாதாரணமாக வந்ததா என்று தெரியவில்லை.

"ஆமா. அவளுக்கு வெரல் எட்டல."

"உனக்கு வழுக்காதா?"

"எனக்கு எதா இருந்தா என்னடா" என்றான் லைல், தோட்டாக்களை எண்ணிக்கொண்டே. தலை நிமிரவில்லை. எண்ணுகிறவன் நிமிரமாட்டான்தான்.

எம்மெட் பெட்டியை எடுத்துவந்து ஜனெலிடம் நீட்டினான். இவ்வளவு பேர் முன்னால் கொடுக்க நினைத்திருக்கவில்லை. இப்போது இவ்வளவு பேர் முன்னால்தான் கொடுக்கத் தோன்றியது. "எனக்கா?" என்றாள். திறந்து பார்த்து அவன் கன்னத்தில் முத்தமிட்டாள். துப்பாக்கியைச் சரிபார்த்துவிட்டு, கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடித்தாள். சுட்டுவிரல் நுனி விசையின் ஓரத்தைத்தான் தொட்டது. கையைச் சற்றுத் திருப்பி, பிடியைக் கோணலாக்கி, எட்ட வைத்தாள். அந்தத் திருப்பலை எம்மெட் பார்த்தான். லைலும் பார்த்தான்.

அவர்கள் பெயரை டுவேன் கூப்பிட்டார். மேசையில் இரண்டு துப்பாக்கிகளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஜனெல் இரண்டையும் பார்த்தாள். பிறகு எம்மெட்டைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றான்.

"உனக்கு எது வாகோ அத எடு ஜனெல்" என்றான் லைல்.

அவள் புதியதை எடுத்தாள்.

எம்மெட்டுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. அது தொடக்க மணி அடிக்கும் வரைதான் இருந்தது. முதல் கட்டை பறந்தது. துப்பாக்கி வானத்தைப் பார்த்து எகிறியது. அவள் அதைக் கீழே கொண்டுவந்து, பிடியை மறுபடி தேடி, இரண்டாவதைச் சுட்டாள். மறுபடி எகிறல், மறுபடி தேடல். மூன்றாவது விழுந்தது. நான்காவதும் ஐந்தாவதும் விளிம்பில் அடிபட்டு மேசைமேல் படுத்து, சோம்பலாக இப்படியும் அப்படியும் உருண்டன. அவள் கையை உதறினாள். கட்டைவிரல் கவடு சிவந்திருந்தது.

அடுத்து லைல். ஒவ்வொரு வெடிக்கும் அந்த ஒல்லிப் பிடி அவன் உள்ளங்கைக்குள் திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் இடக்கையால் அதை நேராக்கினான். அலுப்பில்லாமல், பழகிப்போனவன்போல். எத்தனை வாரமாக இப்படிச் சுட்டுக்கொண்டிருக்கிறான்? அவன் தவறவிட்டதையெல்லாம் ஜனெல்தான் ஈடுகட்டி இரண்டாமிடம் வந்திருக்கிறாள். தன் கைக்குப் பொருந்தாத ஒன்றை ஒருவன் யாருக்காகவோ பிடித்துக்கொண்டிருப்பதை எம்மெட் பார்த்துக்கொண்டே இருந்தான். தான் அவளுக்காக அப்படி எதைப் பிடித்திருக்கிறோம் என்று தேடினான். காகிதத்தில் வரைந்த ஒரு கை மட்டும் நினைவுக்கு வந்தது. அதுவும் தப்பான கை. தியாகத்தில்கூட லைல் முந்திவிட்டான்.

மூன்றாமிடத்துக்கு இறங்கினார்கள். லைல் தன் துப்பாக்கியைக் காலி செய்து, திறந்து காட்டி, சட்டைப்பையிலிருந்து சிறிய திருப்புளியை எடுத்தான். நான்கு திருகுகளையும் கழற்றி இரண்டு தகடுகளையும் எம்மெட்டின் உள்ளங்கையில் வைத்தான்.

"அந்தத் துப்பாக்கிலயும் இது சேரும். மாட்டிக் குடு. அவ கைக்குப் பழகினது."

"உனக்கு?"

"என் பழசு வீட்ல கெடக்கு." பிறகு, குரலைத் தாழ்த்தி, "அடுத்த வியாழன் நீ வர்றியா, அவ வர்றாளான்னு ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்கடா. எனக்கு ஆளுதான் வேணும்" என்றான். சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஜனெல் இவன் வண்டியில் வந்தாள். அறுத்த வயலில் எந்திரத்தின் விளக்குகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"நல்ல துப்பாக்கிதான்" என்றாள்.

"எஃகு எடுத்திருக்கணும்."

"ஏன் எடுக்கல?"

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"லைலோட துப்பாக்கி மாதிரி இருந்துச்சு. அதானே?"

அவள் கோபப்படுவாள் என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். கோபம் வரவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துக்கொண்டாள். வலக்கை மடியில் உள்ளங்கை தெரிய விரிந்து கிடந்தது. எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் கவட்டிலிருந்த சிவப்பு ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"என்னையே கேட்டிருக்கலாம், எம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தகடுகளைச் சமையலறை மேசையில் வைத்தான். கறுப்பு மரம். ஒன்றில் மட்டும், உள்ளங்கை அழுந்துகிற இடத்தில், சொரசொரப்பு தேய்ந்து பளபளத்தது. விரலால் தடவிப் பார்த்தான். அந்த வழவழப்பு ஜனெலுடையதா, லைலுடையதா, தெரியவில்லை. பக்கத்து அறையில் அவள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நோட்டைத் திறந்து, பிழை என்று எழுதி, அதற்கு எதிரே எழுதியதை அடித்தான். மறுபடி எழுதி மறுபடி அடித்தான். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைசி வரிக்குப் போனான்.

நாளை: ஜனெலின் வலக்கையை அளக்க வேண்டும். அவள் விழித்திருக்கும்போது.