அம்மா எழுதிய நான்கு பக்கம்

வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர். வைத்தவர் அப்பா. லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் ஆறு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். குடிக்கிற தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கே வரவழைக்கும் மகளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்? அந்த மகாராணி, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்கத் தேர்வான நாளிலிருந்து கால் தரையில் பாவாமல் திரிந்தாள். பெட்டி வாங்கியாயிற்று. குளிருக்குக் கோட்டு வாங்கியாயிற்று. தோழிகளிடம் விடைபெறும் வேலை மட்டும் மூன்று சுற்று முடிந்திருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு கடிதம்.

அங்கே அவள் தங்கப்போகும் குடும்பத்துக்குப் பெற்றோர் எழுதவேண்டிய கடிதம் அது. பெற்றோர் தங்கள் மொழியில் எழுதலாம், மாணவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினால் போதும். ஆனால் பெற்றோர் எழுதியதை மாற்றக் கூடாது, மாணவரே எழுதியது என்று தெரிந்தால் இடம் பறிபோகும் என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"எழுத்து வேலையெல்லாம் உங்கம்மா பாத்துப்பா, நமக்கு ஸ்டியரிங்தான்" என்று அப்பா போனிலேயே கழன்றுகொண்டார்.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினாறு வருட வேலை. துணி தேய்க்கும் சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் வந்து விழும் படுக்கை விரிப்பை, எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, நாலாக மடிக்க வேண்டும். மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில், அழுக்குத்துணி மூட்டை மேல் உட்கார்ந்து, துணிக்கணக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அம்மா அந்தக் கடிதத்தை எழுதினாள். நான்கு பக்கம். சுருக்கமாகப் பேசவே தெரியாதவள், எழுத்தில் மட்டும் சுருக்குவாளா?

"என் மகள் பசித்தால் சொல்ல மாட்டாள். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா நின்றால் பசி என்று அர்த்தம். கோபம் வந்தால் பேச மாட்டாள், அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், தானாக வருவாள். சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாள், அது நான் வளர்த்த லட்சணம், மன்னிக்கவும். காய்ச்சல் 102 தாண்டினால் பிதற்றுவாள், பயப்படாமல் 500 மாத்திரை ஒன்று கொடுங்கள்." இப்படியே போய், மூன்றாம் பக்கத்தில் இது: "11 வயது வரை படுக்கையை நனைத்தாள். இப்போது இல்லை. புது இடத்தில் ரொம்பப் பயந்தால் நடக்கலாம். மெத்தைமேல் ஒரு ரப்பர் விரிப்பு போட்டுவையுங்கள். நனைந்தால் திட்டாதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு. சுடுதண்ணீர் ஊற்றினால் கறை உட்கார்ந்துவிடும். தினம் நானூறு விரிப்பு மடிக்கிறவள் நான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை." கடைசியில் சலவைக்கூடத்துத் தொலைபேசி எண், மெஷின் சத்தத்தில் சட்டென்று கேட்காது, நிறைய நேரம் அடிக்கவிடுங்கள் என்ற குறிப்போடு.

படித்த மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன் படுக்கையைப் பற்றி வாசிப்பதை நினைத்தாள். அந்த ஒரு பத்தியை விட்டுவிட்டு மற்றதை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்க இறங்கிய கை ஒன்றோடு நிற்குமா? ஒரே மணி நேரத்தில் புதுசாக ஒரு கடிதம் தயாரானது. அதில் அம்மா மருத்துவமனை நிர்வாகப் பிரிவில் இருந்தாள். மாலைதோறும் தாயும் மகளும் புத்தகங்களைப் பற்றி விவாதித்தார்கள். மகள் சிறுவயதிலிருந்தே தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். அம்மாவின் நான்கு பக்கத்தையும் துண்டுதுண்டாகக் கிழித்து, வீட்டில் போட்டால் கண்ணில் படும் என்று கல்லூரிக்குக் கொண்டுபோய், கழிவறைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா கேட்காத நாளில்லை. "அந்த வீட்டம்மா பதில் போட்டாங்களாடி?"

பதில் வந்தது, நாலே வரியில். மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை வாசித்தாள். "உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தோம், பிறகு அழுதோம். இப்படி ஒரு தாயா என்று ஆச்சரியப்பட்டோம்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எந்த இடத்தில் அழுதார்களாம் என்று கேட்டு, திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். மகளும் வாசித்தாள். இரண்டாவது முறை வாசித்தபோதுதான் தான் எவ்வளவு மட்டமான காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன்? வாசித்து முடித்துவிட்டாள்.

புறப்பட இருபது நாள் இருக்கும்போது திட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, தாயோ தந்தையோ கையெழுத்துப் போட வரவேண்டும் என்று. அம்மா அரைநாள் விடுப்பு சொல்லி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த அலுவலர் மேடம் கோப்பைப் பிரித்தார். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா."

"நான் என்னத்த மேடம், ஏதோ மனசுல பட்டதை எழுதினேன்." அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"அவங்களுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதுலதான் ஒரு விஷயம். இவ போய் இறங்கற வாரம் அவங்க வெளியூர் போறாங்களாம். சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துட்டுப் போவாங்க. எட்டு நாள். தனியா இருந்து எல்லாம் பாத்துப்பான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதனால கவலையில்லன்னு சொல்றாங்க. சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்து."

"நானா எழுதினேன்?" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "அந்தக் கடுதாசியைக் கொஞ்சம் காட்டுங்க மேடம்."

ஒரே ஒரு தாள், அச்சடித்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். எதைத் தேடுகிறாள் என்று மகளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 102, 500, 11, தொலைபேசி எண். எண்களைப் படிக்க எந்த மொழியும் தெரியவேண்டியதில்லை. விரல் அடிவரை போய், மறுபடி மேலே வந்து, மறுபடி இறங்கியது. தாளில் ஒரு எண்கூட இல்லை.

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

மேடத்தின் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "ஏம்மா, இது நீங்க எழுதினதுதானே? இல்ல, இவ எழுதினதா?"

இப்போது பேசவேண்டியது மகள். அது அவளுக்கே தெரியும். பேசினால் கோட்டும் பெட்டியும் வீட்டோடு.

"நான்தான் மேடம் எழுதினேன்" என்றாள் அம்மா. "கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன். பெரிய இடத்துப் பிள்ளைங்களும் போகுதே, நம்ம பொண்ணைக் குறைச்சலா நினைச்சிடக் கூடாதுன்னு... அவ ஒருநாள்கூடத் தனியா இருந்ததில்ல. கேஸ் அடுப்பைப் பத்தவைக்கவே பயப்படுவா. எட்டு நாள்லாம் முடியாது மேடம்."

"அப்ப நிர்வாகப் பிரிவுல வேலைன்னு இருக்கறது?"

அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் அம்மாவுக்குத் தெரியும். "அதுவுந்தான் மேடம். நான் லாண்ட்ரியில இருக்கேன்."

"என்னம்மா நீங்க? பிள்ளைங்க பொய் சொன்னா நாம கண்டிக்கணும். நீங்களே இப்படிப் பண்ணினா, அதுங்க யாரைப் பாத்துக் கத்துக்கும்?"

"தப்புதான் மேடம்."

சலவைக்கூட மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள் அம்மா. அவள் தலை குனிந்து மகள் பார்த்ததே இல்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி பிளக்கவில்லை. மகளும் வாயைத் திறக்கவில்லை.

மேடம் நல்ல மனசுக்காரர். "சரி, போகட்டும். பெத்தவங்க ஆசைதானே. வெள்ளைத்தாள் தரேன், உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இவ இங்கயே மொழிபெயர்க்கட்டும். பயணத்தை எட்டு நாள் தள்ளிப்போட நான் அவங்ககிட்ட பேசறேன்." சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

"அம்மா..."

"எழுத்துப்பிழை நிறைய இருந்துச்சோ?"

"இல்லம்மா."

"அப்ப ஏன்டி?"

அம்மா பேனா மூடியைக் கழற்றினாள். "சிரிச்சாங்க, அழுதாங்கன்னு படிச்சியே. நான் லாண்ட்ரியில ஒருத்தி விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அதோடு பேச்சை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். ஃபிரிட்ஜ் வந்தது, கோபம் வந்தது, கழுவாத தட்டு வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து மகள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதினாள். காய்ச்சல் மாத்திரை முடிந்ததும் அம்மாவின் பேனா நின்றது. அடுத்து வரவேண்டியது எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா கேட்கவில்லை. இரண்டு வரி இடம் விட்டு, தொலைபேசி எண்ணை எழுதினாள்.

அப்பாடா என்றிருந்தது மகளுக்கு. இத்தனை நடந்த பிறகும் முதலில் வந்தது அந்த நிம்மதிதான். வந்த வேகத்திலேயே அது அவள் முகத்தைச் சுட்டது. அதையும் எழுதும்மா என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? தலையைக் குனிந்துகொண்டு எண்ணை மட்டும் பார்த்து எழுதினாள்.

மேடம் திரும்பி வந்து இரண்டு தாளையும் வாசித்தார். வாசிக்க வாசிக்கச் சிரித்தார். "இப்பதாம்மா ஒரு தாய் எழுதின மாதிரி இருக்கு. இனிமே இப்படிப் பொய்யெல்லாம் எழுதாதீங்க."

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா.

மேடம் மகளின் தோளைத் தட்டினார். "உங்கம்மாவைத் திட்டிட்டேன்னு மனசுல வச்சுக்காத, என்ன?"

"பரவால்ல மேடம்" என்றாள் மகள். அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து மேடத்திடம் அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.