ஏழாவது மெட்டுக்குப் பிறகு

இக்னேஷியஸின் வலது காலைப் பற்றி இராயபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. கையிலே கிதார், காலிலே ஃப்ளோரன்ஸ் என்பார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனால் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவனைத்தான் அழைத்தார்கள்.

துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த இக்னேஷியஸும், கப்பல் ஏஜெண்டு ஒருவரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த ஃப்ளோரன்ஸும் ஐந்து ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்கள். அவனுக்குக் கிதார், அவளுக்கு அக்கார்டியன். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடக்கும் வரவேற்புகளுக்கு அந்த இரண்டு வாத்தியங்களே போதுமானவையாக இருந்தன. எழுபத்தொன்றாம் ஆண்டு அலுவலகம் அவளைப் பம்பாய்க் கிளைக்கு மாற்றியது. தகப்பன் இல்லாத வீடு. தங்கை ரோசி படித்துக்கொண்டிருந்தாள். மறுத்துப் பேசும் நிலையில் ஃப்ளோரன்ஸ் இல்லை.

"நான் போய்ட்டா நீ இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள்.

"ஒண்டியா வாசிப்பேன்."

"நீ ஒண்டியா வாசிச்சா கொசு கத்தறமாரி கீது."

யோசனை அவளுடையது. அலுவலகத்தில் முதலாளி தம் கடிதங்களை ஒரு யந்திரத்தில் பேசிப் பதிந்துவைப்பார். மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை இருக்கும். அதை மிதித்தால் முதலாளி பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். கை இரண்டும் தட்டச்சில் இருக்க, ஒரு துரையின் பேச்சைக் காலால் அடக்கி ஆள்வதில் அவளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. அதே ஏற்பாட்டைக் கிதாருக்கும் செய்தால் என்ன? கல்மண்டபம் பகுதியில் ரேடியோ பழுதுபார்க்கும் ரஷீது, கப்பல்காரர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டருக்குத் தையல் மிஷின் மோட்டாரின் மிதிகட்டையைப் பொருத்திக் கொடுத்தார். "மாமு, நல்லா கேட்டுக்கோ. மிதிச்சா ஓடும், எடுத்தா நிக்கும். நடுவுல ஆட்டினா டேப்பு அறுந்துடும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாதே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஆளில்லாத மண்டபத்தில் பதிவு நடந்தது. அவள் நாற்காலியில் அமர்ந்து, மிதிகட்டைமேல் தானே காலை வைத்துக்கொண்டு, அக்கார்டியனில் பின்னணியை மட்டும் வாசித்தாள். அவன் எதிரே நின்று மெட்டை வாய்க்குள் முனகியபடி கையால் தாளம் காட்டினான். ஏழு மெட்டுகள். கையிலிருந்ததோ ஒரே ஸ்பூல். வெறும் நாடாவை ஓடவிடுவது அநியாயம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே ஒரு மெட்டின் கடைசி நாதம் அடங்கிய மறுகணமே அடுத்த மெட்டுக்கான அவளுடைய எண்ணிக்கை தொடங்கியது: "ஒன்னு, ரெண்டு, மூணு."

ஏழாவது மெட்டும் முடிந்தபின் அவன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனான். திரும்பி வந்தபோது, "முடிஞ்சுதா?" என்று கேட்டான். "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்பூலைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். எட்டாம் நாள் பம்பாய் மெயிலில் ஏறினாள். நடைமேடையில் ஓடும் ரயிலோடு சிறிது தூரம் நடந்த அவன், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், "டேப்ப பத்திரமா வெச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

அன்று முதல் அவனுடைய வித்தை கையில் பாதி, காலில் பாதியாயிற்று. கடைசி நாதம் மடியும்போதே காலை எடுத்தாக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அடுத்த மெட்டுக்கான அவள் எண்ணிக்கை வேளை கெட்டு மண்டபத்தில் விழுந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் அப்படி "ஒன்னு" என்று விழுந்தபோது, பழத்தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சிற்றப்பா "ரெண்டு" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பின் இக்னேஷியஸ் பட்டறையில் ரம்பம் இழுக்கும்போதுகூடக் காலால் பழகினான். நாதம் அடங்குவதும் கால் எழுவதும் ஒன்றே என்னும்படி அந்தக் கால் தேர்ந்தது. ஏழாவது மெட்டுக்குப் பிறகு எண்ணிக்கை ஏதுமில்லைதான். ஆனாலும் பழகிய கால் அங்கேயும் தப்பாமல் எழுந்தது. ஸ்பூலில் மீந்திருந்த விரற்கடை நாடா வெறுமையானது என்றே அவன் எண்ணியிருந்தான்.

பம்பாயிலிருந்து வந்த முதல் கடிதத்தில், "டேப்பை முழுவதும் கேட்டாயா?" என்று அவள் எழுதியிருந்தாள். "தினமும் கேட்கிறேன். ஒரு குறையும் இல்லை" என்று அவன் பதில் எழுதினான். அடுத்த கடிதம் வர மூன்று மாதமாயிற்று. அதில் மழையைப் பற்றி மட்டும் இருந்தது. பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள்தாம்.

தான் எங்கே தவறினோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் வாசிக்கும் ஒவ்வொரு மாலையும் அவள் மூச்சு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அக்கார்டியனின் துருத்தியை விரிக்குமுன் அவள் இழுக்கும் மூச்சு அது. கூட்டத்தில் வேறு எவருக்கும் கேட்காது. அந்த மூச்சுக்காகவே அவன் சில மாலைகளில், கலியாணம் எதுவும் இல்லாதபோதும், யந்திரத்தைத் திறந்து மிதிகட்டையை மிதித்தான். அவள் இனி எப்போதேனும் ஊருக்கு வந்தால், நடைமேடையில் விழுங்கிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

எழுபத்துமூன்றில் ரோசிக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. ஃப்ளோரன்ஸ் பத்து நாள் விடுப்பில் வந்தாள்.

வரவேற்பில் ஆறு மெட்டுகளை இக்னேஷியஸ் டேப்போடு வாசித்தான். அந்த மண்டபத்தின் வழக்கப்படி, கடைசி மெட்டுக்கு மணமக்கள் கைகோத்து ஒவ்வொரு வரிசையாகச் சென்று பெரியவர்களிடம் விடைபெற்று வெளியேற வேண்டும். டேப்பில் அந்த மெட்டு மூன்றரை நிமிடம். இரண்டாண்டுகளாக இராயபுரத்துத் தம்பதிகள் எல்லாரும் மூன்றரை நிமிடத்துக்குள் விடைபெறக் கற்றிருந்தார்கள். கடைசி வரிசைக்காரர்களுக்குக் கும்பிடு மட்டும்தான் கிடைக்கும்.

"அக்கா இருக்கசொல்ல இன்னாத்துக்கு மிஷினு? நீயே வாசிக்கா" என்றாள் ரோசி.

வீட்டிலிருந்து அக்கார்டியன் வந்தது. ஃப்ளோரன்ஸ் அவனருகில் அமர்ந்தாள். சற்று இளைத்திருந்தாள்; பின்னலைக் கொண்டையாக முடிந்திருந்தாள். துருத்தியை விரிக்குமுன் அதே மூச்சு.

முதல் வரிசைவரை எல்லாம் சரியாகவே போயிற்று. இரண்டாம் வரிசையில் ஒரு கிழவர் ரோசியின் தலையில் கைவைத்து நீண்ட ஜெபம் ஒன்றைத் தொடங்கினார். ஃப்ளோரன்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டே வேகத்தைத் தளர்த்தினாள். அடி ஒன்றைத் திரும்ப வாசித்தாள். இக்னேஷியஸோ டேப்பின் வேகத்திலேயே மேலே போய்விட்டான். அவனுடைய வலது கால் அவளை நிறுத்தத் தரையிலிருந்து எழுந்தது. அவள் நிற்கவில்லை. அவன் காலை மறுபடி அழுத்தினான். அதற்கும் ஒன்றும் நிகழவில்லை.

"இன்னா, காலு எதைத் தேடுது?" என்றாள் அவள், வாசிப்பை விடாமலே. "நான் இங்க கீறேன். என்னப் பாத்து வாசி."

பார்த்தான். பார்த்தபோது வாசிப்பு இன்னும் தடுமாறியது. டேப்பில் இருந்தவளை அவனுக்கு மூச்சுவரை தெரியும். அருகில் இருந்தவளோ கிழவருக்காக நின்றாள், குழந்தைகளுக்காக விரைந்தாள். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று அவனால் சொல்ல முடியவில்லை. மெட்டு ஒன்பது நிமிடம் நீண்டது. கடைசி வரிசைக்காரர்கள் முதன்முறையாக மணமக்களின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்.

பந்தி நடக்கும்போது இருவரும் பக்கவாட்டுப் படிகளில் நின்றார்கள்.

"கெட்டுப் போய்ட்டே நீ. மிஷினு ஒன்ன கெடுத்துடுச்சு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்த டேப்பு கடைசி வரைக்கும் கேட்டே இல்ல?" என்றாள்.

"கேக்காம? ரெண்டு வருசமா அதான் பொழப்பே."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "சரி. ஒரு சேதி சொல்லணும். பாந்த்ராவுல ஒருத்தர் என்னக் கேட்டாரு. அச்சாபீசு வெச்சிகினு கீறாரு. ஆவட்டும்னு சொல்லிட்டேன். ஜனவரில கலியாணம்."

நடைமேடையில் விழுங்கிய வார்த்தையை அவன் மறுபடியும் விழுங்கினான். "நல்ல மனுசனா?" என்று கேட்டான்.

"நல்ல மனுசன்தான். கேட்டா பதில் சொல்ற மனுசன்."

அந்தச் சொல்லின் முனை அவனுக்கு அப்போது தைக்கவில்லை. மறுநாள் காலைப் பூசையில், பிரசங்கத்தின் நடுவே தைத்தது. கடைசி வரைக்கும் என்று ஏன் கேட்டாள்? இருமுறை ஏன் கேட்டாள்?

பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் போனான். காகிதத் தோரணங்களைக் கூட்டிக்கொண்டிருந்த மண்டபத்து வேலைக்காரி அங்கம்மா, "இன்னா தம்பி, யாருக்கு வாசிக்கப் போறே?" என்றாள். அவன் ஏழாவது மெட்டை ஓடவிட்டான். கடைசி நாதம் மடிந்தது. கால் தானாக எழுந்தது. யந்திரம் நின்றது. அவனுக்கே வெட்கமாக இருந்தது. இடது காலைத் தூக்கி வலது காலின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினான்.

சிறிது நேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. பிறகு அவள் குரல், மெதுவாக, ஆனால் மிக அருகில் வந்தது.

"இக்னேஷியஸ், நேர்ல கேட்டா நீ எதுனா சொல்லி மழுப்பிடுவே. அதான் இதுல கேக்கறேன். போவாதேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் போவல. இங்கியே வேற வேலை தேடிக்கலாம், ரோசியையும் பாத்துக்கலாம். ட்ரெயினுக்கு இன்னும் எட்டு நாள் கீது. கேட்டுட்டு சொல்லு."

அதன்பின் பேச்சில்லை. அவள் காலை எடுக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. துருத்தி காற்றை விடும் ஓசை, நாற்காலியின் முனகல், எங்கோ ஒரு கப்பலின் சங்கு எல்லாம் கேட்டன. அவள் ஏதோ இன்னும் சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் மூச்சுவிட்டாள். பின்னர் கதவு திறந்தது. செருப்புச் சத்தத்தோடு ஒரு வாலிபனின் உற்சாகமான குரல் உள்ளே வந்தது: "முடிஞ்சுதா?"

அது அவனுடைய குரல்.

"முடிஞ்சுது" என்றாள் அவள். நாடாவும் அங்கே முடிந்தது.

அன்று மாலை அவளுக்கு ரயில். கல்மண்டபத்துச் சந்தில் அவள் வீட்டு வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றிருந்தது. தாய் சிலுவையம்மாள் கருவாட்டுப் பொட்டலத்தை மூன்றாவது காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வா தம்பி. நாத்தம் வந்தா ரயில்ல பேஜாரு பண்ணுவானுங்களே" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இக்னேஷியஸ் படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸிடம் போய் நின்றான்.

"இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றான். "ஏழாவதுக்கப்பறம் வெறும் டேப்புன்னு நெனச்சேன். எப்பவும் காலை எடுத்துட்டேன்."

கயிற்றை இழுத்த அவள் கை நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"ஆபீசுல சேந்த மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். "லெட்டரு முடிஞ்சமாரி தெரிஞ்சாலும் காலை எடுக்காதே, துரை கடைசில எதுனா சேத்து சொல்லுவாருன்னு. அத்த ஒனக்கு நான் சொல்லிக் குடுக்கல."

"ஃப்ளோரி, போவாதே."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இத்தக் கேக்கத்தான் அந்த எட்டு நாளும் ஒக்காந்துகினு இருந்தேன்." கயிற்றை மறுபடி இழுத்து முடிச்சிட்டாள். "இப்ப ஒரு மனுசனுக்கு வார்த்தை குடுத்துட்டேன், இக்னேஷியஸ். அவரு ஒரு தப்பும் பண்ணல." படுக்கையை அவன் வாங்கி ரிக்‌ஷாவில் வைத்தான். ஏறி அமர்ந்தபின் அவள், "அந்த எடத்துல வேற எதுனா மெட்டு ஏத்திக்கோ. டேப்பு வெலை ஜாஸ்தி" என்றாள்.

"ஏத்திக்கறேன்" என்றான்.

ஜனவரியில் அதே மண்டபத்தில் வேறொரு கலியாணம் நடந்தது. ஏழாவது மெட்டு முடிந்து மணமக்கள் வாசலைக் கடந்தார்கள். கூட்டம் பந்திக்கு எழுந்தது. இக்னேஷியஸ் கிதாரை மடியில் படுக்கவைத்து, மண்டபத்து ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, காதை யந்திரத்தருகே சாய்த்தான். ஸ்பூல் சுழன்றுகொண்டிருந்தது. நாற்காலிகளை அடுக்க வந்த அங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, பாட்டு முடிஞ்சுடுச்சே. காலை எடுக்கல?"

"இன்னும் கொஞ்சம் கீது" என்றான் இக்னேஷியஸ்.