ஷாலினைக் கேட்கவில்லை

ஷாலினுக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டாள் லூர்து மேரி. வயிற்று வலிக்குச் சின்ன ஆபரேஷன் என்று சைகையில் சொல்லித்தான் மகளைக் குன்றத்தூர்ப் பக்கமிருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தாள்.

ஷாலினுக்கு இருபத்தொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. போன மாதம் ஒரு நாள் கம்பெனி பஸ் பழுதாகி, அவள் மண்ணூரில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் தாமதமானது. அதற்குள் லூர்து மேரி செத்துப் பிழைத்தாள். யாராவது இழுத்துக்கொண்டு போனால் இவளால் கத்தக்கூட முடியாதே. கணவனும் இல்லாத வீடு.

அப்போதுதான் அண்ணன் சூசைராஜ் வழி சொன்னார். "கர்ப்பப்பைய எடுத்துடலாம் மேரி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வயித்துல வாங்கினு வந்து நிக்க மாட்டா."

பயத்தில் அதுவே நல்ல புத்தியாகப் பட்டது.

நர்ஸ் கோவிந்தம்மா ஒப்புதல் படிவத்தோடு வந்தார். "பேஷண்ட் கையெழுத்து எங்க?"

"அவங்க அம்மா போட்டாச்சே சிஸ்டர். அதுக்குக் காது கேக்காது," என்றார் கூட வந்திருந்த சூசைராஜ்.

"கண்ணு தெரியுது இல்ல?" கோவிந்தம்மா படிவத்தை ஷாலினிடம் நீட்டினார்.

பத்தாவது வரை படித்தவள் ஷாலின். வரிவரியாக நகர்ந்த அவள் விரல் 'கர்ப்பப்பை அகற்றம்' என்ற இடத்தில் நின்றது. முகம் வெளுத்தது. செல்போனில் தட்டி அம்மாவிடம் காட்டினாள். 'இதை எடுத்தா எனக்குக் குழந்தையே பிறக்காதா?'

லூர்து மேரி அவள் பக்கம் நகர்ந்தாள். மகளின் தோளைத் தொடக் கை நீட்டினாள். ஷாலின் வெடுக்கென்று விலகிச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். தொண்டையிலிருந்து உடைந்த சத்தம் ஒன்று வந்தது. எவனோ ஒருவன் முன்னால் இவள் இப்படி நடுங்கி நின்றுவிடக் கூடாதே என்றுதான் இத்தனை நாளும் லூர்து மேரி பயந்தாள். இப்போது பெற்றவளைப் பார்த்து நடுங்குகிறாள்.

"எல்லாம் அவ நல்லதுக்குத்தான் சிஸ்டர்," என்று சூசைராஜ் இழுத்தார்.

"ஒரு காலத்துல ஏழைபாழைங்கள வண்டில ஏத்தினு போயி குடும்பக்கட்டுப்பாடு பண்ணாங்க. அவங்களும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. இப்ப சட்டம் கீது சார். மாற்றுத்திறனாளிங்க சம்மதம் இல்லாம, புள்ள பெத்துக்க முடியாதபடி எந்த வைத்தியமும் பண்ணக் கூடாது." டாக்டர் அறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்ட கோவிந்தம்மாவின் குரலிலும் பயம் இருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் லூர்து மேரி பக்கம் திரும்பினார். "உன்ன ஒண்ணு கேக்கறேம்மா. கர்ப்பப்பை இல்லன்னா கெட்டவன் வரமாட்டானா? வந்துட்டுப் போனதுகூட உனக்குத் தெரியாம பூடும், அவ்ளோதான்."

லூர்து மேரி படிவத்தை எடுத்தாள். பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஷாலின் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூசைராஜ் முணுமுணுத்தார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னா பண்ணுவே?"

"பயம் எனக்குத்தானேண்ணா? அதுக்கு அவ உடம்ப அறுக்கிறது இன்னா நியாயம்?" லூர்து மேரி மகளைப் பார்த்தபடியே சொன்னாள். "காது கேக்காத புள்ளயா இருந்தாலும், அவ உடம்ப என்ன பண்றதுன்னு அவளத்தான் கேக்கணும். பெத்தவளுக்குக்கூட அதுல உரிமை இல்ல."